இரண்டு டிஸ்க் போட்டால் போதுமா?

தர்மபுரம் போன்ற சின்ன ஊரில் கலியாண வீடியோ எடிட் செய்பவருக்கு வேகமும் வேண்டும், கோப்பும் தப்ப வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கை மட்டும் வைத்து வேகம், பாதுகாப்பு இரண்டையும் முழுதாகப் பெற முடியாது.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோல இயக்குவதுதான் ரெய்ட் (RAID). ரெய்ட் 0 முறை கோப்பைத் துண்டு துண்டாக்கி இரண்டு டிஸ்க்கிலும் பிரித்து எழுதும். பெரிய கோப்புகளுக்கு வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு. ஒன்று பழுதானால் மற்றதில் மிஞ்சுவது உதவாத துண்டுகள்தான். ரெய்ட் 1 ஒரே கோப்பை இரண்டிலும் எழுதும். ஒன்று பழுதானாலும் கோப்பு தப்பும்; ஆனால் 2 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டாலும் கிடைக்கும் இடம் 2 டெராபைட்தான். நாலு டிஸ்க் வாங்க வசதி இருந்தால் ரெய்ட் 10 வேகம், பாதுகாப்பு இரண்டையும் தரும்.

சின்னக் கடைக்கு எடிட் செய்ய ஒரு எஸ்எஸ்டி, முடிந்த வேலையை வைக்க ரெய்ட் 1 ஜோடி போதும். கரண்ட் அடிக்கடி போகும் இடமென்றால் முதலில் யூபிஎஸ்.

ஆனால் ரெய்ட் 1 பேக்கப் அல்ல. கை தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரச கிளவுட்டை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியபோது பேக்கப்பும் சேர்ந்தே பூட்டுப்பட்டது. சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் போயின. கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை.

ஆகவே மூன்றாவதாக ஒரு யூஎஸ்பி டிஸ்க்: வாரம் ஒருமுறை பிரதி எடுத்து, கழற்றி, கடையில் அல்ல, வீட்டில் வைக்கவும். இடைக்கிடை அதில் ஒரு கோப்பைத் திறந்தும் பார்க்கவும்.

இன்னொன்று, ஜோடியில் ஒரு டிஸ்க் செத்தாலும் கணினி வழமைபோல் ஓடும். எச்சரிக்கைச் செய்தியை நிறுத்தி வைத்தவருக்கு, மற்றதும் சாகும்போதுதான் விஷயம் தெரியவரும்.