கைப்பிடி அரிசி

கிறிஸ்தவ தர்மங்கள் ஆராதனையோடு நின்றுவிடாமல் அடுப்பங்கரை வரை வந்து சேரவேண்டுமென்று விரும்புகிற குடும்பங்கள், உலைக்கு அரிசி அளக்கும்போதே ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுகிற பழைய வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இல் இதைத் தொடங்கினர். வேளைதோறும் எடுத்துவைக்கும் அரிசி விற்கப்பட்டு, சபையின் ஊழியங்களுக்கு இன்றளவும் ஆதாரமாயிருக்கிறது.

களைவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். வீட்டார் உண்ணும் அதே அரிசியாயிருப்பது அவசியம், மட்டரகம் கூடாது. பிள்ளைகளின் கையால் எடுக்கச் செய்வது மிக விசேஷம்: சிறு விரல்களின் இடுக்கில் நாலைந்து மணிகள் நழுவித் தரையில் சிதறினாலும் அதட்டாமல், அவற்றையும் பொறுக்கிக் கலயத்தில் இடக் கற்பியுங்கள். கலயம் ஈரமற்று, மூடியோடு இருக்கட்டும். உலர்ந்த வேப்பிலை போட்டுவைத்தால் வண்டு எளிதில் அண்டாது.

திரண்டதைச் சபையில் ஒப்படைக்கலாம். அண்டையில் அடுப்பெரியாத வீடிருந்தால், அவர்கள் எம்மதத்தாராயினும், அங்கே கொடுப்பதே முந்தின கடமை என்பது என் துணிபு. தருமத்தை அந்தரங்கமாய்ச் செய்யும்படி மலைப்பிரசங்கம் போதிப்பதால், இருட்டியபின் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதைப்பற்றி எவரிடமும் பேசாதிருங்கள். கொடுப்பதைவிட இது கடினம். அந்த வீட்டாரோடு மனஸ்தாபமிருந்தால், காணிக்கைக்கு முன் ஒப்புரவாகும்படி அதே பிரசங்கம் சொல்லுகிறபடியால், முதலில் பேசிச் சமாதானமாகுங்கள். அரிசி பிறகு போகட்டும்.

நாளைக் காலை உலை வைக்குமுன் ஒரு கலயத்தைத் துடைத்து எடுத்துவையுங்கள்.