கம்பு பிடிக்க வந்த பிள்ளைகளுக்கு

குளுவாங், லாபிஸ், மாசாய் என்று ஜொகூர் ரப்பர்த் தோட்டங்களுக்குப் பால்வெட்ட வந்த நம் பாட்டன்மாரோடு சிலம்பமும் வந்தது. அதைக் கற்க வந்திருக்கிற உங்களுக்குச் சில சொல்கிறேன்.

1. முதலில் கால்வரிசை. கம்பு பிறகுதான். பொறுமையில்லாதவனை இங்கேயே கண்டுகொள்ளலாம்: கால் மாறுமுன் கை வீசிவிடும், தோள் முந்தும், இடுப்பு பின்தங்கும். எதிராளி ஓரடி விலகினாலே போதும், வீசியவன் தடுமாறிவிடுவான்.

2. கம்பு உங்கள் நெற்றி உயரம் இருக்கட்டும். பலத்தைக் காட்டுவதற்காகக் கனத்த கம்பை எடுக்காதீர்கள்.

3. ஒருவருடைய குணம் அவர் ஆட்டத்தில் தெரிந்துவிடும். கோபக்காரன் எப்போதும் தலைக்கே ஓங்குவான்; ஓங்கும்போது அவன் விலாவும் முழங்காலும் காவலின்றிக் கிடக்கும். பயந்தவன் தடுத்துக்கொண்டே பின்வாங்குவான். ஆனால் எதிராளியின் கை அசைவதை முதலில் பார்ப்பவனும் அவனே. அவனுக்குக் குத்து சொல்லிக்கொடுத்தால் அருமையான ஆட்டக்காரனாவான். கைதட்டலுக்கு ஏங்குபவன் சுழற்றிக்கொண்டே இருப்பான். அடி போடும் நேரம் தவறிவிடும். ஆகவே மனம் விரும்புவதை மட்டும் பழகாதீர்கள். கோபமுள்ள பிள்ளை தடுப்பையே மாதக்கணக்கில் பழகட்டும்.

இதற்கு உதாரணமாக, 1974-இல் கின்ஷாசாவில் முகமது அலி ஜார்ஜ் ஃபோர்மனோடு குத்துச்சண்டையில் மோதியதைத் தேடிப் பாருங்கள். ஓடியாடிக் குத்துவதில் பேர்போன அலி, அன்று கயிற்றில் சாய்ந்து அடிகளைத் தாங்கினார். ஃபோர்மன் வீசி வீசிக் களைத்தார். எட்டாம் சுற்றில் விழுந்தார். தனக்குப் பிடித்த ஆட்டத்தை அலி ஒதுக்கி வைத்ததைத்தான் நான் வீரம் என்பேன்.

4. அந்தக் காலப் போட்டியில் கம்பின் நுனியில் பொடி தடவி ஆடுவார்கள். உடம்பில் பதிந்த தடங்களை எண்ணுவார்கள். எதிராளியின் நெற்றியில் பொட்டு வைப்பது பெரிய வெற்றி. நெற்றியைப் பிளக்கக்கூடிய வீச்சைப் பொட்டளவில் நிறுத்த எவ்வளவு அடக்கம் வேண்டும், யோசித்துப் பாருங்கள். உங்கள்மேல் கம்பு பட்டால், நடுவர் சொல்லுமுன் நீங்களே ஒத்துக்கொள்ளுங்கள். பட்டதை மறைப்பவனுக்குத் தன் காவலில் எங்கே ஓட்டை என்பது கடைசிவரை தெரியாது.

5. ஆட்டத்தைத் தொடங்கும் வணக்கமான சலாம் வரிசையை அவசரமாக முடிக்காதீர்கள். பக்கத்து மலாய்க் கிராமத்தில் அவர்களுடைய தற்காப்புக் கலையான சீலாட் பயிற்சி நடந்தால் அனுமதி கேட்டுப் பாருங்கள். அவர்களும் வணக்கத்தில்தான் தொடங்குகிறார்கள். தாழ்ந்து நிற்கும் அவர்கள் கால் நிலையில் நாம் கற்க நிறைய உண்டு. 2019-இல் யுனெஸ்கோ சீலாட்டைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எங்களுடையதுதான் பெரிது என்று அங்கே போய் வாதாட வேண்டாம்.

6. வீட்டிலோ பள்ளியிலோ சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் ஜோடி ஆட்டம் கேட்காதீர்கள். தனியாகக் கால்வரிசை போடுங்கள்.

7. கம்பின் நுனி பிளந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தடவிப் பாருங்கள். பிளந்த கம்போடு யார் முன்னாலும் நிற்காதீர்கள். சிராய் தெறித்தால் எதிரில் நிற்கும் பிள்ளையின் கண் போய்விடும்.