திரைப் பலகங்களின் அளவுமாற்றம்

வலைச்செயலிகள் பலவும் தம் திரையை வீட்டின் அறைகளைப்போற் பலகங்களாகப் பகுத்துக்கொண்டுள்ளன. இடப்புறம் ஊர்ப்பட்டியல், நடுவில் நிலப்படம், கீழே அட்டவணை என அவை அமைந்திருத்தலை மாணவ நேயர்கள் நாடோறும் காண்பர். இடையிலுள்ள பிரிகோட்டைப் பற்றி இழுத்தால் ஒன்று சுருங்க, மற்றொன்று விரியும். இவ்வெளிய செயலின்கண் நிரல் எழுதுவோர் பலர் இடறுகின்றனர். அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

உலாவியின் சாளரம் அளவு மாறுங்கால் 'ரிசைஸ்' என்னும் நிகழ்வு பிறக்கின்றது. தொடக்கநிலை மாணவர், அந்நிகழ்வு பிறக்குந்தோறும் படத்தை மீண்டும் வரையுமாறு நிரல் எழுதிவிட்டு, கடமை முடிந்ததென அமைவர். ஆயின் அந்நிகழ்வு சாளரத்துக்கு உரியதேயன்றிப் பலகத்துக்கு உரியதன்று. இடப்பலகத்தை மூடுங்கால் சாளரம் அணுவளவும் மாறுவதில்லை. ஆதலின் நிகழ்வும் பிறப்பதில்லை. நடுப்பலகமோ 400 பிக்ஸலிலிருந்து 600 பிக்ஸலாக விரிந்துவிட்டது என்க. படத்தின் தோற்றமும் உடன் நீண்டுவிடும். நிரலின் நினைவிலோ பழைய 400 தான் உள்ளது. இனி ஒருவர் படத்தின் நட்டநடுவே, 300-ஆம் பிக்ஸலில், சுட்டியை அழுத்துவாராயின், நிரல் அதனை முக்காற்பங்குத் தொலைவென்று கணக்கிடும். படம் மங்குதல் பொறுக்கத்தக்க குற்றம். தொட்ட ஊர் ஒன்றும் தேர்ந்த ஊர் வேறுமாதல் பொறுக்கத்தக்கதன்று.

இக்குறையைப் போக்க முன்னர்க் கையாண்ட உபாயங்கள் விந்தையானவை. சிறிது நேரத்துக்கொருமுறை பலகத்தின் அளவை வினவியறிந்தோர் சிலர். பலகத்தினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத 'ஐஃபிரேம்' ஒன்றைப் பதித்து, அதன் சாளர நிகழ்வைக் கடன்வாங்கினோர் சிலர். பின்னதன் சாமர்த்தியத்தை யான் இன்றும் வியப்பதுண்டு. 2018-இல் குரோமிலும், 2019-இல் ஃபயர்ஃபாக்ஸிலும், 2020-இல் சஃபாரியிலும் 'ரிசைஸ் அப்ஸர்வர்' என்னும் கருவி இடம்பெற்றபின் அவற்றுக்குத் தேவை ஒழிந்தது. இது நாம் குறித்த உறுப்பையே நோக்கியிருந்து, உலாவி பக்க அமைப்பைக் கணக்கிட்ட பின்னரும் திரையில் தீட்டுமுன்னரும் மாறிய அளவை அறிவிக்கும். அப்பொழுதே வரைந்துவிடின் பழைய படம் கண்ணிற் படுவதில்லை.

எனினும் இங்கு ஒரு கண்ணி உண்டு. படத்தின் உயரம் அதன் அகலத்தைப் பொறுத்ததாயின், அகலத்துக்கேற்ப வரையவே உயரம் மிகுந்து உருள்பட்டை தோன்றும். பட்டை அகலத்திற் சிறிது கவரப் படம் குறுகும். குறுகவே பட்டை மறையும். மறையவே அகலம் பெருகும். நோக்குவோனே நோக்கப்படும் பொருளை மாற்றுதலால் விளையும் சுழல் இது. உலாவி தான் இதிற் சிக்காவண்ணம், ஒரு சுற்றில் மேன்மேலும் ஆழத்திலுள்ள உறுப்புகளுக்கே அறிவிப்பு வழங்கி, எஞ்சியவற்றை அடுத்த தீட்டலுக்குத் தள்ளி, பிழைச்செய்தியும் விடுக்கின்றது. அச்செய்தியை மறைத்துவிட்டு அமைதியுறுவாரும் உளர். யானும் ஒருகாலத்தில் அவ்வாறு செய்தவனே. உருள்பட்டைக்கு முன்னரே இடம் ஒதுக்கிவைத்தலே முறையான பரிகாரம்.

பிரிகோட்டை இழுக்குங்கால் அறிவிப்புகள் இடையறாது வரும். நொடிக்கு 60 முறை தீட்டும் திரையில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏறக்குறைய 16 மில்லி நொடியே. பெரிய நிலப்படத்தை அதற்குள் வரைதல் அரிது. ஆகவே இழுத்தல் நின்று சிறிது பொழுது கழிந்தபின் வரைதல் தக்கது. ஆனால் புதிய அகலத்தை நினைவிற் குறித்தலை மட்டும் ஒத்திப்போடலாகாது. படம் முழுதும் வரையப்படுமுன்னரே ஒருவர் அதனைத் தொட்டுவிடக்கூடும்.