ஊர் தேடு படலம்

கம்பர் தம் இராமகாதையின் சுந்தர காண்டத்தில் ‘ஊர் தேடு படலம்’ என்று ஒரு பகுதி வகுத்துள்ளார். கடல் தாவி வந்த அனுமன் இலங்கையின் தெருக்களையும் மாளிகைகளையும் ஒன்று விடாது துருவிச் சென்ற செய்தியை உரைப்பது அது. சென்ற ஆண்டு எம் வகுப்பில் அப்படலம் பாடமாக நடந்த நாட்களிலேயே, யாமும் இரவுதோறும் விடுதி அறையில் அமர்ந்து ஓர் ஊரைத் தேடிக்கொண்டிருந்தோம். அவன் தேடியது பகைவர் ஊர். யாம் தேடியது எம் சொந்த ஊராகிய ஏனாத்தூரும் அதன் சுற்றுப்புறமும். அவனுக்கு வாய்த்தது காற்றின் ஆற்றல். எமக்கு வாய்த்தது இணையத்தில் எவரும் காணக் கிடைக்கும் செயற்கைக்கோட் படம்.

தேடியதற்குக் காரணம் ஒன்று உண்டு. எம் தந்தையார் பட்டு நெசவு செய்பவர். பல்லாண்டு தறியில் இருந்து சேர்த்த பொருளைக் கொண்டு, காஞ்சிக்கு அணித்தே ஒரு சிற்றூரில் மனை ஒன்று வாங்க எண்ணினார். முன்பணம் கொடுக்க ஒரு வாரமே இருந்தது. அவ்விடத்தைப் படத்தில் பார்த்துச் சொல்லுமாறு எமக்குத் தொலைபேசியில் அறிவித்தார். யாமும் பார்த்தோம். சமமான, வறண்ட, குற்றம் ஏதும் இல்லாத நிலமாகவே அது தோன்றிற்று. அவ்வாறே சொல்லிவிட்டோம். சொன்னது பிழை. அப்பிழை எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு வெளிப்பட்டது என்பதைக் கூறவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். உடன் பயிலும் நண்பர்க்குப் பயன்படும் எனக் கருதி, இப்படங்களைப் படிக்கும் முறையையும் இடையிடையே சொல்லிச் செல்வோம்.

உயரத்தினின்று நோக்கினாலன்றி நிலத்தின் வடிவம் புலப்படாது என்பது பழைய அறிவு. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்பார் பரங்கிமலைக்கு அருகே நூறடிச் சங்கிலி கொண்டு ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். பின்னர் இமயம்வரை நீண்ட பெரிய முக்கோண அளவைக்கு அதுவே தோற்றுவாய். குன்றுகள் இல்லாத சோணாட்டுச் சமவெளியில் அவர் கோயிற் கோபுரங்களையே குன்றுகளாகக் கொண்டார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றுகையில், கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அதனை அவர் தம் கையாலேயே செப்பனிட்டாராம். இக்காலத்து யாம் விரல் நுனியால் திரையைத் தள்ளிக்கொண்டு ஊர் பார்க்கையில் அவரை நினையாதிருத்தல் நன்றியன்று.

அமெரிக்க நாட்டார் 1972 ஜூலையில் முதல் லாண்ட்சாட் கோளை ஏவினர். நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ். 1ஏ 1988 மார்ச்சில் ஏவப்பட்டது. 2005-இல் ‘கூகுள் எர்த்’ வந்தது; 2009 ஆகஸ்டில் இஸ்ரோ நிறுவனத்தார் ‘புவன்’ என்னும் தளத்தைத் திறந்தனர். வரலாறு இவ்வளவு போதும்.

முதலில் அறியவேண்டுவது படத்தின் நுண்மை. செயற்கைக்கோட் படம் புள்ளிகளால் ஆகிய ஒரு கோலம். லாண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. நம் மனைக்கணக்கில் ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி ஆதலின், நான்கு கிரவுண்டு நிலம் அங்கே ஒரே புள்ளியாய் அடங்கிவிடும். ஐரோப்பியர் 2015-இல் ஏவிய சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். அஃது அரைக் கிரவுண்டிற்கும் சற்றுக் குறைவு. 2019 நவம்பரில் ஏவப்பட்ட நம் கார்ட்டோசாட்-3 கால் மீட்டர் அளவையும் பிரித்துக் காட்ட வல்லது. இவற்றுள் கூரியதே சிறந்தது என்று எண்ணற்க. வீடுகளை எண்ணக் கூரிய படம் வேண்டும். ஒரு நிலம் முப்பது நாற்பது ஆண்டுகளாக எப்படி இருந்தது என்று அறிய லாண்ட்சாட்டே வேண்டும். அதன் பார்வை மங்கல், நினைவோ நெடிது.

இனி, காஞ்சியை மேலிருந்து காண்போம். தெற்கே வெண்மணற் பட்டையாகக் கிடப்பது பாலாறு. ஆண்டின் பெரும்பகுதியும் அது நீரின்றி மணலாகவே தோன்றும். நகரை ஒட்டி மெல்லிய கோடாகச் செல்வது வேகவதி. இவ்விரண்டும் செய்யாறும் வாலாஜாபாத்துக்கு எதிரே திருமுக்கூடலில் கூடுவதைத் திரையில் காணும்போது, அவ்வூர்ப் பெயரின் பொருளை யாரும் உரைக்கவேண்டுவதில்லை. வடமேற்கே பெரிய காஞ்சி, தென்கிழக்கே சின்னக் காஞ்சி. ஏகாம்பரநாதர் கோயிலும் வரதராசர் கோயிலும் சதுரமான மதில்களால் உடனே அடையாளம் காணப்படும். எம் ஏனாத்தூரிலோ, 1993-இல் தோன்றிய பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் பெருங்கூரைகளாய் முன்வந்து நிற்கும்; பழைய ஊர் அவற்றின் அருகே சிறுத்துக் கிடக்கும்.

பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சி மாநகரைத் திருமாலின் உந்தித் தாமரை நடுவேயுள்ள பொகுட்டிற்கு உவமித்தார். விண்ணூர்தி இல்லாத நாளில், தரையில் நின்ற புலவர் ஒருவர் நகரை மேலிருந்து நோக்கியதுபோல் பாடியது வியப்பே. அவ்வுவமையைச் சோதிக்கும் ஆவலால் பலமுறை திரையைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தோம். உண்மையைச் சொன்னால், இன்றைய நகரம் பொகுட்டாக எமக்குத் தோன்றவில்லை; நீண்டு கோணலாய்க் கிடக்கின்றது. ஆனால் நகரை விட்டுச் சற்று உயர்ந்து, சுற்றியுள்ள வயல்களும் ஏரிகளும் அடுக்கடுக்காக விரிவதைக் கண்டபின், இதழ்கள் எவை என்பது விளங்கிற்று.

ஏரிகளைப் பற்றியே விரித்துச் சொல்ல விரும்புகின்றோம். எம் பிழையும் அங்கேதான் பிறந்தது. செங்கற்பட்டு, காஞ்சிப் பகுதிகளை மேலிருந்து கண்டால் ஏரிகள் மீன்செதில்போல் நெருங்கிக் கிடப்பதைக் காணலாம். நிலம் மேற்கினின்று கிழக்கே மெல்லச் சரிதலின், கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில் வில்போல் வளைந்திருக்கும். கரைக்குக் கீழே மதகு வழி நீர் பெறும் ஆயக்கட்டு வயல்கள் சிறு சிறு கட்டங்களாய்ப் பசந்து தோன்றும். கரையின் ஒரு முனையில் கலங்கல். மிகுநீர் அதன் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும். இவ்வாறு ஓர் ஏரியின் எச்சம் மற்றோர் ஏரியின் வரவாகின்றது. தெருவில் நிற்பவனுக்கு ஏரி தெரியும். ஏரிகளின் உறவு தெரியாது. அவ்வுறவு மேலிருந்து நோக்குபவனுக்கே புலனாகும். கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்வதை யாவரும் அறிவர். அவ்வோலை வழித் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அவ்வூர் ஏரியையும் திரையில் காணலாம். வைரமேக தடாகம் என்பது அதன் பழம்பெயர்.

கிழக்கே கரை உண்டு. மேற்கே எல்லை யாது? மேற்கே கரையே இல்லை. நீர் எவ்வளவு ஏறுகின்றதோ அவ்வளவே எல்லை. மழை குறைந்த ஆண்டில் அது சுருங்கும். மிகுந்த ஆண்டில் விரியும். எம் தந்தையார் வாங்க நினைத்த மனை அத்தகைய ஓர் ஏரியின் மேற்குப் புறத்தில் இருந்தது. யாம் முதலில் கண்ட படம் சித்திரைத் திங்களில் எடுத்தது. படம் எடுத்த நாள் திரையின் அடியில் குறித்திருந்தும் அதனை நோக்கிலோம்.

இதனை நண்பர்கள் நன்கு கருதுக. இணையத்தில் எடுத்த எடுப்பில் தோன்றும் படங்கள் பெரும்பாலும் மேகமற்ற நாட்களில் எடுத்தவை. நம் ஏரிகள் நிறைவதோ ஐப்பசி, கார்த்திகைத் திங்களில், வானம் மூடிக்கிடக்கும் காலத்தில். ஆகவே ஏரி ஏரியாக இருக்கும் நாளைப் படம் பிடிப்பது அரிது. அது தரையாகக் கிடக்கும் நாளே எளிதில் கிடைக்கின்றது. வற்றிய ஏரியில் சீமைக்கருவேல் படர்ந்திருப்பின் அது தோப்புப்போலவும், இல்லையாயின் விளையாட்டு வெளிபோலவும் தோன்றும். படம் பொய் சொல்லுவதில்லை. கேளாத காலத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை, அவ்வளவே.

எம் நண்பர் ஒருவர், பூகோளம் பயில்பவர், பழைய ஆண்டுப் படங்களைக் காணும் வழியைக் காட்டினார். கூகுள் எர்த்தில் கடிகாரம் போன்ற குறியைத் தொட்டால் ஆண்டுகள் வரிசையாய் வரும். லாண்ட்சாட் படங்களோ 2008 முதல் எவருக்கும் இலவசம். 2015 டிசம்பர்ப் பெருமழையை நம் மாநிலத்தார் மறந்திரார். அதன் பின் மேகம் விலகிய நாள் ஒன்றின் படத்தை எடுத்தோம். அகச்சிவப்புக் கதிரை நீர் விழுங்கிவிடுதலின், அக்கதிரால் எடுத்த படத்தில் நீர் கருமையாய்த் தோன்றும். தந்தையார் காட்டிய இடத்தில் கருமை இருந்தது. பெருமழை ஆண்டு ஒன்றை மட்டும் சான்றாகக் கொள்ளல் முறையன்று என்று 2021-இன் மழைக்குப் பிந்திய படத்தையும் பார்த்தோம். அங்கும் கருமையே, சற்றுச் சிறுத்திருந்தது. மேகத்தையும் ஊடுருவிக் காணும் ரேடார்க் கோளாகிய சென்டினல்-1 2014 முதல் சுற்றுகின்றது. மழை நாளிலேயே நீரைக் காண விரும்புவோர் அதன் படங்களை நாடுக.

இவ்வளவும் கண்ட பின்னரும் முழு உண்மை கிட்டவில்லை. பதிவேட்டில் அந்நிலம் பட்டா நிலமே. ஏரிப் புறம்போக்கு அன்று. தாளில் குறை இல்லை. விடுமுறைக்கு ஊர் சென்று, எம் பாட்டியாரிடம் இடத்தைச் சொன்னோம். அவர் உடனே, “நண்டுப்பள்ளமா?” என்றார். புதிய மனைப்பிரிவுக்கு இட்ட பெயர் வேறு. முதியோர் வழங்கும் பெயர் இது. எத்தனை நூறு கல் உயரத்தினின்று பார்த்தாலும் அப்பெயர் தெரியாது. தெரிந்திருந்தால் யாம் படத்தையே பார்த்திருக்கவேண்டுவதில்லை.

இதனை எண்ணும்போது சரூ பிரையர்லி என்பாரின் வரலாறு நினைவுக்கு வருகின்றது. அவர் 1986-இல் ஐந்து வயதளவில், புகைவண்டியில் உறங்கி, வழி தவறிக் கொல்கத்தா சேர்ந்தவர். பின்னர் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் ஒரு குடும்பத்தாரால் மகவாக வளர்க்கப்பட்டார். ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்ல அறியாத பிள்ளை. வளர்ந்தபின் இரவுதோறும் கூகுள் எர்த்தில், கொல்கத்தாவினின்று பிரியும் இருப்புப்பாதைகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, 2011-இல் மத்தியப் பிரதேசத்துக் கண்டுவா நகரைக் கண்டறிந்தார். மறு ஆண்டு தம் அன்னையைக் கண்டார். அவருக்குத் துணைசெய்தவை நிலையத்தருகே நின்ற நீர்த்தொட்டி முதலிய, சிறுவன் கால்களால் நடந்து அறிந்த அடையாளங்கள். அவை நெஞ்சில் இல்லையாயின் ஆயிரம் படமும் பயனில.

நெசவாளர் தெருவும் அவ்வாறே. பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரித்து, கஞ்சி தோய்த்து, இழைகளை நேர்செய்வதை யாம் சிறுபோதில் கண்டுள்ளோம். வெயில் ஏறுமுன் அது சுருட்டப்பட்டுவிடும். லாண்ட்சாட், சென்டினல் முதலிய கோள்கள் நம் தலைமேல் வருவது காலை பத்து, பத்தரை மணி அளவில். தெரு அப்பொழுது வெறுந்தெரு.

தந்தையார் எம் முதற்சொல்லை நம்பி ஒரு சிறு தொகை கொடுத்திருந்தார். மனையை வேண்டாம் என்றபின், அத்தொகையில் பாதியே திரும்பிற்று. அதுபற்றி எம்மிடம் ஒரு சொல்லும் சொன்னாரல்லர். ஏரியின் படங்களை ஆண்டு வரிசையில் ஒருமுறை பார்த்தார். பின், பிள்ளையார்பாளையத்தைக் காட்டச் சொன்னார். காட்டினோம். பழைய ஆண்டுக்குத் தள்ளச் சொன்னார், தள்ளினோம். தெருமுனையினின்று கூரைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்து, ஓடு வேய்ந்த ஒரு கூரையின்மேல் விரலை வைத்தார். எம் பாட்டனார் தறி போட்டிருந்த வீடு அது. இடித்துப் பல ஆண்டுகள் ஆயின. அப்படத்தில் அது நின்றுகொண்டிருந்தது.