முந்தித் துளிர்த்த செடியும் பிந்தி வந்த பனியும்

கடுங்குளிரைத் தாங்கிய செடி, மிதமான குளிர்காலத்துக்குப் பின் கருகுவது ஏன்? வெப்பம் பற்றிய பாடத்தை இவ்வினாவுடன் தொடங்கலாம்.

2007 மார்ச்சில் அமெரிக்காவின் மத்திய, கிழக்கு மாநிலங்களில் வழக்கத்தை மீறிய வெப்பம் நிலவியது. மரம், செடிகள் முன்கூட்டியே துளிர்த்தன. ஏப்ரல் தொடக்கத்தில் வெப்பநிலை பல இரவுகள் உறைநிலைக்குக் கீழே சென்றது. கோதுமை, பழமரங்கள், தோட்டச் செடிகள் பெரும் சேதமடைந்தன.

காரணம் என்ன?

உறக்கநிலையிலுள்ள மொட்டில் நீர் குறைவு. அது குளிரைத் தாங்கும். துளிர்த்தபின் செல்களில் நீர் நிறைந்து அத்தாங்குதிறன் குறைகிறது. உறைபனியின்போது செல்களுக்கு இடையே பனிக்கட்டி உருவாகி, செல்லிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. செல்சவ்வு சிதைகிறது. பனி உருகியதும் துளிர் தொய்ந்து கருமையாகிறது.

பாதுகாக்கும் முறை

• முந்தைய நாளே மண்ணை நனைக்க வேண்டும். ஈரமண் பகல் வெப்பத்தைக் கூடுதலாகச் சேமிக்கும்.
• சூரியன் மறையும் முன் சாக்கு அல்லது பழைய போர்வையால் தரைவரை மூட வேண்டும். மண்ணிலிருந்து வெளிவரும் வெப்பம் உள்ளேயே தங்கும். செடியின் தலைப்பகுதியை மட்டும் சுற்றிக் கட்டினால் பயன் குறைவு.
• பிளாஸ்டிக் தாள் இலையைத் தொடக்கூடாது; தொட்ட இடம் கருகும்.
• காலையில் வெப்பநிலை உயர்ந்ததும் மூடியை அகற்ற வேண்டும்.
• சருகு மூடாக்கை அவசரப்பட்டு நீக்கக்கூடாது. அது மண் விரைவில் சூடாவதைத் தடுத்து, துளிர்ப்பைத் தாமதப்படுத்தும்.
• துளிர் கருகினாலும் செடியைப் பிடுங்க வேண்டாம். ஹோஸ்டா போன்ற பல்லாண்டுச் செடிகள் மண்ணுக்குள்ளிருந்து மீண்டும் துளிர்க்கும்.

நம் மாநிலத்தில் உதகைப் பகுதி மாணவர்கள் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனியை நேரில் காண்பர். அவர்களின் அனுபவத்தையே பாடமாக்கலாம். பிற மாவட்டங்களில் கீழ்க்காணும் செயல்பாடு உதவும்.

வகுப்பறைச் செயல்பாடு

ஒரே அளவுள்ள மூன்று தகரக் குவளைகளை எடுத்துக்கொள்க. இரண்டில் சுடுநீர், ஒன்றில் சாதாரண நீர் ஊற்றுக. சுடுநீர்க் குவளை ஒன்றையும் சாதாரண நீர்க் குவளையையும் சாக்கால் சுற்றுக. பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்கச் செய்க. சுடுநீரை ஆசிரியரே ஊற்றுதல் நன்று.

‘போர்வை சூடு தரும்’ என்பதே பல குழந்தைகளின் எண்ணம். சாக்கு சுற்றிய சாதாரண நீர் சூடாகவில்லை என்பதை அவர்களே கண்டறிவர். போர்வை வெப்பத்தைத் தருவதில்லை. இருக்கும் வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கிறது.

மதிப்பீடு: மாலையில் மூட மறந்து நள்ளிரவில் மூடினால் செடிக்குக் கிடைக்கும் பயன் ஏன் குறைகிறது?