கூட எடுத்தவள் எப்படிக் கீழே போனாள்?

கேள்வி: எங்களுக்குத் திருச்சுழி பக்கம் மானாவாரி விவசாயம். மகள் ஜனவரியில் ஜேஇஇ மெயின் தேர்வைக் காலை வேளையில் எழுதி 142 மதிப்பெண் எடுத்தாள். அருப்புக்கோட்டையில் இருக்கும் அவளுடைய தோழி வேறொரு நாள் மாலையில் எழுதி 131 எடுத்தாள். ஆனால் பெர்சன்டைலில் தோழிதான் மேலே இருக்கிறாள். இது நியாயமா ஐயா?
- ஒரு தாய், திருச்சுழி

பதில்: உங்கள் மகளின் மதிப்பெண்ணில் யாரும் கை வைக்கவில்லை, அம்மா. இந்தத் தேர்வு பல நாட்கள், நாளுக்கு இரண்டு வேளை நடக்கிறது. வேளைக்கொரு வினாத்தாள். எவ்வளவு பார்த்துப் பார்த்துத் தயாரித்தாலும் ஒன்று கடினமாகவும் ஒன்று இலகுவாகவும் அமைந்துவிடும். அதனால்தான் தேசியத் தேர்வு முகமை 2019 முதல் பெர்சன்டைலைக் கொண்டு தரவரிசை போடுகிறது. அதே வேளையில் எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உங்கள் மகள் அளவோ அதற்குக் கீழோ எடுத்தார்கள் என்பதே அந்த எண். நல்ல மழை கண்ட ஊரின் பருத்தியையும் மழை தப்பிய ஊரின் பருத்தியையும் ஒரே தராசில் வைத்து, யார் நல்ல சம்சாரி என்று சொல்ல மாட்டீர்கள் அல்லவா? தோழிக்கு வந்த தாள் கடினமாக இருந்திருக்கும். அங்கே 131 எடுத்தவர்களே குறைவாக இருந்திருப்பார்கள்.

இரண்டு வேளையிலும் எழுதியவர்கள் சராசரியாக ஒரே திறமை உள்ளவர்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. லட்சக்கணக்கானோரைக் குலுக்கல்போலப் பிரிப்பதால் அதைப் பெருமளவு ஏற்கலாம். இதைவிடத் திடமான வழியும் உண்டு. அமெரிக்காவின் சாட், பல நாடுகள் பங்கேற்கும் பீசா போன்ற தேர்வுகளில் சில பொதுவான வினாக்களை வெவ்வேறு தாள்களில் வைத்து, தாளின் கடினத்தைத் தனியே அளக்கிறார்கள். அதற்கு அந்த வினாக்கள் வெளியே வரக் கூடாது. இங்கே தேர்வு முடிந்ததும் வினாவும் விடையும் வெளியாகிவிடுகின்றன.

இதைவிட, நம் மாநிலப் பொறியியல் சேர்க்கையில் வெவ்வேறு வாரிய மதிப்பெண்களைச் சமப்படுத்தும் முறைதான் என்னை உறுத்துகிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மற்ற வாரியத்தில் ஒரு பாடத்தின் முதல் மதிப்பெண் 90, மாநில வாரியத்தில் 100 என்றால், அந்த 90 நூறாகும். அங்கே 60 எடுத்தவருக்கு 66.66 கிடைக்கும். இரண்டிலும் ஒருவராவது 100 எடுத்துவிட்டால் எதுவுமே மாறாது, மற்ற எல்லாரும் எவ்வளவு திணறியிருந்தாலும் சரி. லட்சம் பேரின் நிலையை முதலிடக்காரர் ஒருவரை வைத்து முடிவு செய்வது பலவீனமான கணக்கு. இதைத் திருத்த வேண்டும்.

மகளிடம் 142-ஐ மறந்துவிடச் சொல்லுங்கள். ஏப்ரலிலும் எழுதட்டும். இரண்டில் எந்தப் பெர்சன்டைல் அதிகமோ, அதைத்தான் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வார்கள்.