கடைக்காரர் மடலும் குப்பைப் பெட்டியும்

இணையத்திற் கடை நடத்தும் இளைஞர் இன்று நம்மிடையே பலர் உளர். பொருளை விற்றுப் பணத்தையும் பெற்ற கடைக்காரர் உடனே பற்றுச்சீட்டை மின்னஞ்சலில் அனுப்புகின்றார். அதுவோ வாங்கியவரின் குப்பைப் பெட்டியிற் போய் விழுகின்றது. பணம் போயிற்று, மறுமொழி வரவில்லை எனக் கண்ட வாடிக்கையாளர் கடைக்காரரை ஏமாற்றுக்காரரென்றே எண்ணுவர். குற்றமற்ற மடல் இவ்வாறு தள்ளப்படுவது ஏன்?

1982 ஆம் ஆண்டில் ஜோன் பொஸ்டல் என்பார் வகுத்த எஸ்.எம்.ரி.பி. என்னும் அஞ்சல் விதி, அனுப்புநர் மெய்யாகவே யாரென உசாவுவதில்லை. அக்காலத்தில் வலையமைப்பைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் ஆராய்ச்சியாளரே. (ஆயினும் 1978 இலேயே அமெரிக்கக் கணினிக் கொம்பனியொன்றின் விற்பனையாளர் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பிக் கண்டனம் பெற்றார்!)

தபாற் கடிதத்தைப் போலவே மின்மடலுக்கும் உறையின்மேல் ஒரு முகவரியும், உள்ளே தாளின் தலைப்பில் ஒரு முகவரியும் உண்டு. படிப்போர் காண்பது உள்ளிருப்பதையே. இரண்டும் வேறுபடலாம் என்பதே மோசக்காரருக்கு வாய்த்த வாயில்.

எஸ்.பி.எவ். என்பது, எமது ஆள்களப்பெயரில் மடல் அனுப்ப உரிமை பெற்ற கணினிகள் இவையென வெளியிடும் பட்டியல். அஃது உறை முகவரியையே நோக்கும். ஒருவர் தமக்கு வரும் மடலை வேறொரு பெட்டிக்குத் திருப்பிவிடின், பட்டியலில் இல்லாத கணினியினின்று வருவதால் இச்சோதனை தவறிவிடும். டி.கே.ஐ.எம். என்பதோ மடலிலேயே பொறிக்கப்படும் முத்திரை. எவ்வழி வரினும், முத்திரையிட்ட பகுதி மாறாதவரை அது நிலைக்கும். 2012 இல் வெளிவந்த டிமார்க், இவ்விரண்டில் ஒன்றேனும் தலைப்பிற் காணும் ஆள்களப்பெயரோடு பொருந்துகின்றதா எனப் பார்த்து, பொருந்தாததை என்செய்வதெனப் பெயருக்குரியவரே அறிவிக்க இடந்தருகின்றது.

இங்கேதான் சிறு கடைக்காரர் பலர் இடறுகின்றனர். கடைக்கெனத் தனிப்பெயர் இருக்கவும், தமது யாகூ முகவரியையே அனுப்புநராக இட்டு, கடைத்தளத்தின் கணினியினூடாக மடல் விடுக்கின்றனர். அக்கணினிக்கு யாகூவின் பெயரிற் பேச உரிமையேது? 2014 இல் யாகூ, தன் பெயரிற் பொய்யாய் வருவனவற்றை ஏற்கவேண்டாமென அறிவித்தபோது, இத்தகைய மடல்களும் சேர்ந்தே மறுக்கப்பட்டன. கடையின் பெயரிலேயே அனுப்புக. விசாரணைப் படிவம் நிரப்பும் வாடிக்கையாளரின் முகவரியை மறுமொழிக்குரிய இடத்தில் மாத்திரம் இடுக.

அடையாளம் நிறுவியபின் நன்னடத்தையும் வேண்டும். ஜீமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் இம்மூன்று முறைகளையும் கைக்கொள்ளவேண்டுமெனவும், விளம்பரங்களில் ஒரே அழுத்தத்தில் விலகும் வழி வேண்டுமெனவும் 2024 பெப்ரவரியிற் கூகிள் விதித்தது. குப்பையென்னும் முறைப்பாடு 0.3 வீதத்தை எட்டலாகாது. அஃதாவது ஆயிரத்துக்கு மூவர். விலக வழி காணாதவர் குப்பைப் பொத்தானையன்றோ அழுத்துவர்! விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலைத் தொடவே கூடாதென்பது என் துணிபு. பற்றுச்சீட்டையும் விளம்பரத்தையும் வெவ்வேறு துணை ஆள்களங்களினின்று அனுப்பின், விளம்பரத்தால் வரும் அவப்பெயர் பற்றுச்சீட்டைத் தாக்குவது குறையும்.

டிமார்க்கைத் தொடக்கத்திலேயே கடுமையாக வைத்தல் தகாது. அறிக்கை மட்டும் தருமாறு கேட்டுச் சில வாரங்கள் பார்த்தால், கடையின் பெயரில் மடல் விடுக்கும், எவரும் மறந்துபோன பழைய கணினியொன்று வெளிப்படக்கூடும். அதனைச் சீராக்கிய பின்னரே மறுக்குமாறு அறிவித்தல் வேண்டும்.